மூளையைத் தீட்டிய சிறுவன்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1706-ம் ஆண்டு, மெழுகுவர்த்தி செய்பவரின் மகனாகப் பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பெரிய குடும்பம். செலவு கட்டவில்லை. 10 வயதில் படிப்பு நின்றது. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

எழுத்தில் தெளிவு இல்லை என்று தந்தை குறை சொன்னார். சிறுவன் சோர்ந்துவிடவில்லை. அதிகாலையிலும் இரவிலும் மூளைக்கு வேலை கொடுத்தான். நல்ல கட்டுரையைப் படித்துக் குறிப்பு எடுப்பான். சில நாள் கழித்து, புத்தகத்தைப் பாராமல், குறிப்பை வைத்து முழுவதும் எழுதுவான். பிறகு ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்துவான். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, மறுபடி வரிசைப்படுத்தியும் பழகுவான்.

பள்ளியில் வராத கணக்கையும் பின்னர் தானே கற்றான்.

அந்தச் சிறுவனே இடிதாங்கியைக் கண்டுபிடித்தார். 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். 1790-ல், 84 வயதில் காலமானார். தீட்டத் தீட்டத்தான் கத்தி கூர்மையாகும், மூளையும் அப்படியே.