லெவிஞ்சு துரையும் கோடைக்கானற் குடியேற்றமும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் வாழப் புகுவோர் எக்காலத்தும் உளர். நம்மவருள்ளும் அயல்நாட்டிற் குடியேறினோர் பலர். அவர் எதனாற் செல்கின்றனர், சென்றவிடத்து எங்ஙனம் வேர்கொள்கின்றனர் என்பதற்குச் சர் வியர் ஹென்றி லெவிஞ்சு துரையின் வாழ்க்கை விளக்கமாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அயர்லாந்து நாட்டு உயர்குடியிற் பிறந்த இத்துரை, 1860-களில் மதுரைக் கலெக்டராக விளங்கினார். பழனிமலை அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தம்மவரை இழந்த அமெரிக்கப் பாதிரிமார், 1845-இல் கோடைக்கானலில் இரு மனைகள் அமைத்திருந்தனர். அவரை மலையேற்றியது அச்சம். துரையை ஈர்த்தது குளிர்ச்சி போலும். அவர் 1863-இல் ஓடைநீரைக் கரைகட்டித் தேக்கிச் சுமார் 60 ஏக்கர்ப் பரப்புள்ள ஏரியை ஆக்கினார். தூத்துக்குடியினின்று படகும் வருவித்தார். உத்தியோகம் முடிந்தபின் ஏனைய துரைமார் பலர் தாய்நாடு திரும்ப, இவரோ கோடைக்கானலையே இல்லமாகக் கொண்டு, தம் பொருளையும் அதன் நலத்திற்குச் செலவிட்டார், 1885-இல் காலமானார். நண்பர்கள் அவர் நினைவாகச் சிலுவைத் தூண் ஒன்றை அங்கு நிறுவினர்.

அதே 1885-இல் ராவன்ஸ்டைன் என்னும் அறிஞர் இலண்டனிற் குடிபெயர்ச்சி விதிகளை வெளியிட்டார். பெயர்வோருட் பெரும்பாலார் அண்மையிடங்கட்கே செல்வர் என்பதும், நெடுந்தொலை செல்வோர் பெருநகரங்களையே நாடுவர் என்பதும் அவற்றுட் சில. கோயமுத்தூர்ப் பக்கத்துச் சமவெளியினின்று தம் முன்னோர் வந்தனரென வழிவழிக் கூறும் மலைவாழ் குன்னுவர் முதல் விதிக்குச் சான்றாவர். கடல் கடந்து வந்து மலைமூலையில் அமர்ந்த துரையோ இரண்டாம் விதிக்கு விலக்காவர்.

ஆயினும் ஒன்று கருதற்பாலது. குடியேறினோர் மட்டுமன்றி, ஏற்றுக்கொள்வோரும் மாறுதலே உண்மையான ஒன்றுகலப்பு என இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். துரை ஆள்வோராய் வந்தவர். பளியர், குன்னுவர் ஆகியோரின் இசைவை அவர் வேண்டி நிற்க நேர்ந்ததில்லை. ஐரோப்பியர் மனைகளும் மலைமக்கள் ஊர்களும் வேறுவேறாகவே இருந்தன. ஏரி எல்லார்க்கும் பயன்படுகின்றது. அதனால் அவர் ஈகை போற்றத்தக்கதே. ஆனால் ஈகை வேறு, உறவு வேறு.

கூலிக்கும் கல்விக்கும் செல்லும் நம் மக்கட்கு அதிகாரத் துணை இல்லை. அவர் அயலார் அன்பையே நம்பியுள்ளனர். நம் ஊர்க்குப் பிழைக்க வரும் வடநாட்டுத் தொழிலாளர் நிலையும் அதுவே. நம் பிள்ளைகட்கு அங்கே யாம் விரும்பும் வரவேற்பை, இவர்கட்கு இங்கே அளித்தல் நம் கடன் என்பது எம் துணிபு.