திருநாவுக்கரசு நாயனாரும் அஞ்சாமையும்

இடர் வந்த காலத்து இறைவனைத் துணையெனப் பற்றி நிற்றல் வேண்டுமென்பது நாம் மாணாக்கர்க்கு நாடோறும் போதிப்பது. ஆயினும், அத்துணை எத்தன்மையதென்று நம்முள்ளே பலர் ஆராய்ந்தாரல்லர். இடரே வாராமல் தடுத்தல்தான் திருவருளின் காவல் என்று கொண்டவர், இடர் வந்தவழி மனந்தளர்ந்து இறைவனையே ஐயுறுகின்றனர். இவ்வையத்தை அறுத்தற்குத் திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரம் பெரிதும் உதவும்.

கி. பி. 7ஆம் நூற்றாண்டில் விளங்கிய இந்நாயனார், திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்திலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் மைந்தராய்த் தோன்றினர். பிள்ளைத்திருநாமம் மருணீக்கியார். இளம்பருவத்திலேயே தந்தையாரும் தாயாரும் இறந்தனர். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்திலே மடிந்தனர். உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பியார் தனித்து வருந்துவரே என்னும் இரக்கத்தினால் உயிர் தாங்கித் தவநெறியில் நின்றனர். மருணீக்கியாரோ உலகின் நிலையாமையை உணர்ந்து, பொருளெல்லாம் அறத்திலே செலவிட்டு, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தனர். பின்பு மெய்ந்நெறி எதுவென நாடிப் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அவர் நூல்களை ஐயமறக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் பெற்றனர்.

அங்கே சூலைநோய் அவரைப் பற்றியது. சமணர் செய்த மந்திரமும் மருந்தும் பயன்படவில்லை. திருவதிகையிலே திருத்தொண்டு செய்திருந்த தமக்கையாரை அவர் இரவிலே சென்று அடைந்தனர். அம்மையார் கடிந்துரையாது திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனர். வீரட்டானேசுவரர் சந்நிதியிலே பதிகம் பாடியவுடன் நோய் நீங்கியது. நாவுக்கரசு என்னுந் திருநாமமுங் கிடைத்தது. மருணீக்கியாரை மீட்டது நோயே யாதலின், இடர்தானும் திருவருளின் காவலாதல் உண்டென்பது இங்கே தெளியப்படும். பிறசமயத்தார் கல்விச்சாலையிலே பயின்று, பின்னர்த் தஞ்சமயத்தின் அருமை கண்டு மீண்ட நம்மனோர்க்கு இப்பகுதி உள்ளத்தைத் தொடுவதாகும்.

இச்செய்தியறிந்த சமணர் பல்லவ அரசனிடம் முறையிட்டனர். அரசன் அமைச்சரைச் சேனையோடு அனுப்பினான். சிவபெருமானுக்கே அடிமையான தாம் வேறொருவர் ஆணைக்கு உட்பட்டவரல்லர் என்று நாயனார் முதலிலே மறுத்தனர். அமைச்சர் வணங்கி வேண்டவே, வருவன வருக, நமக்குச் சிவபெருமான் உளர் என்னுந் துணிவோடு உடன் சென்றனர். அவரை நீற்றறையிலே ஏழுநாள் அடைத்து வைத்தனர். திறந்தபோது அவர் ஊனமின்றி மகிழ்ந்திருந்தனர். நஞ்சு கலந்த பாலடிசிலை ஊட்டினர். அது தீங்கு செய்யவில்லை. மதயானையை ஏவினர், அது வலஞ்செய்து வணங்கிச் சென்றது. ஈற்றிலே கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளினர். அவர் திருவைந்தெழுத்தை நினைந்து பாட, கல்லே தெப்பமாக மிதந்தது. இன்று கடலூரைச் சேர்ந்துள்ள திருப்பாதிரிப்புலியூரிலே அவர் கரையேறினர்.

இவற்றுள்ளே நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. நீற்றறை குளிர்ந்த பின்னர் நாயனார் அச்சம் நீங்கினாரல்லர். அமைச்சர் வந்து அழைத்தபோதே அச்சம் அவரிடத்து இல்லை. முதலிலே காக்கப்பட்டது அவருடைய நெஞ்சு. உடம்பு காக்கப்பட்டது அதன் பின்னர். பகைவர் அழிதல் வேண்டுமென்னுங் கருத்தும் அவர்க்கு எழவில்லை. அரசன் பின்பு மனந்திரும்பிச் சைவனாயினான். அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. அவன் திருவதிகையிலே குணபரவீச்சரம் என்னுங் கோயிலெடுத்தான் என்று சேக்கிழார் கூறுவர். குணபரன் என்பது மகேந்திரவர்மனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று.

அஞ்சாமை வன்னெஞ்சமன்று என்பதற்கும் இச்சரித்திரமே சான்று. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரோடு திருமறைக்காட்டில் இருந்தபோது, பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியாரிடமிருந்து அவர்க்கு அழைப்பு வந்தது. சமணருடைய கொடுமையைத் தம் மெய்யிலே கண்ட நாவுக்கரசர், நாளுங் கோளும் நல்லனவல்ல என்று கூறித் தடுத்தனர். தம்பொருட்டு எதற்கும் அஞ்சாதவர், பிறரொருவர்பொருட்டு அஞ்சினர்! அடியவரை நாளுங் கோளும் நலியா என்று பதிகம் பாடிச் சம்பந்தர் அவரைத் தேற்றிச் சென்றனர். பெரியோரும் ஒருவரையொருவர் தேற்றியே நம்பிக்கையில் நிலைத்தனர் என்பது இதனாற் பெறப்படும். நாயனார் பின்னும் உழவாரத் தொண்டு செய்து, தலங்கள்தோறும் பாடி, எண்பத்தொரு பிராயத்திலே, சித்திரைச் சதயத்திலே, திருப்புகலூரிலே சிவபதம் அடைந்தனர் என்பர். அவர் பதிகங்களுள் 312 இன்று கிடைத்துள்ளன.

ஆசிரியர்களே! இச்சரித்திரத்தை வெறும் அற்புதக் கதையாகக் கூறியொழிதல் தகாது. சமணரை வெறுக்கக் கற்பித்தலுந் தகாது. சீவகசிந்தாமணியையும் நன்னூலையும் நமக்குத் தந்தவர் சமணரே. அடியவர் எல்லாரையும் நீற்றறை சுடாதொழியுமோ என்று ஒரு மாணாக்கன் வினவின் யாது கூறுவோம்? நம்நாட்டுச் செய்தியையே கூறலாம். 1621ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். கல் காக்கப்படவில்லை. ஆயினும், நம் முன்னோர் விரதநாளில் உண்ட வாழையிலையை இறப்பிலே செருகி மறைத்துச் சமயத்தைக் காத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. 1734ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திலேயே அக்கோயில் மீண்டும் எழுந்தது. 1848ஆம் ஆண்டிலே நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். அந்த இலையைச் செருகிய கையிலே இருந்த துணிவும், நீற்றறையிலே இருந்த துணிவும் ஒன்றே. இடரை விலக்குதலும் விலக்காமையும் இறைவன் திருவுளம்; அவனைப் பற்றிய நெஞ்சை அவன் கைவிடான். இதனை இளஞ்சிறார் மனத்திலே பதித்தல் நங்கடன்.

திருச்சிற்றம்பலம்.