சிறுவர் குடியரசு கண்ட கோர்ச்சாக்

வார்சா நகரத்து மருத்துவராகிய ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட், யானுஷ் கோர்ச்சாக் என்னும் புனைபெயரால் உலகறியப்பெற்றவர். 1912-ஆம் ஆண்டில் யூத அநாதைச் சிறுவர்க்கென நிறுவப்பெற்ற இல்லத்தின் தலைமையை ஏற்ற அவர், அதனைச் சிறுவரே ஆளும் சிறு குடியரசாக்கினார். அவர்கட்கு ஒரு பிரதிநிதி சபையும், அவர்களே நீதிபதிகளாய் வீற்றிருக்கும் நீதிமன்றமும் அமைந்தன. மன்னித்தலே அம்மன்றச் சட்டத்தில் மிகுந்திருந்தது. ஒரு சிறுவனைக் காதில் அறைந்தமைக்காகவும், ஒரு சிறுமியைத் திருடியென ஐயுற்றமைக்காகவும் கோர்ச்சாக் தாமே அம்மன்றின்முன் நின்றார். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாஜிகள் ஏறக்குறைய 200 சிறுவரையும் டிரெப்ளிங்கா கொலைக்களத்திற்குக் கொண்டுசென்றபோது, தப்பும் வாய்ப்பிருந்தும் அவர்களைப் பிரியாது உடன்சென்று உயிர் துறந்தார். இளைஞர்க்கு ஆட்சியில் இடமளிப்போர் அவர்தம் தீர்ப்புக்குத் தாமும் தலைவணங்குதல் வேண்டுமென்பதே அப்பெரியார் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடமாம்.