இருபத்தேழு ஆண்டுகள் ஒரே துணைவேந்தர்: டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார்



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் லிஃப்டிலும் பார்க்கிங்கிலும் மாலை நடைப்பயிற்சியிலும் ஒரே பேச்சுதான். எந்தக் காலேஜ், என்ன கட் ஆஃப், பஸ் வருமா, ஹாஸ்டல் எப்படி? நம் பக்கத்தில் இன்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இரண்டும் 1960களின் கடைசியில் வந்தவை. காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளையும் சேர்த்தால் பட்டியல் நீளும்.

இடம் கிடைப்பது முன்பைவிட எளிது. கிடைத்த இடத்தில் படிப்பு எப்படி இருக்கும் என்பதுதான் இப்போது நம் கவலை. ஏழை நாட்டில் ஒரு நல்ல பல்கலைக்கழகத்தை நடத்த முடியுமா என்ற கேள்வியோடு 27 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது 1942க்கும் 1969க்கும் இடையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தால், அப்போது துணைவேந்தராக இருந்தவர் இவர்தான்: டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார்.

பிரசவம் பார்த்த மருத்துவர்

அவர் பிறந்தது 1887 அக்டோபர் 14, கர்நூலில். அது அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். மற்றவர் ஏ. ராமசாமி முதலியார், நீதிக்கட்சித் தலைவர், பிறகு மைசூர் திவான், ஐ.நா.வின் பொருளாதார சமூக அவைக்கு முதல் தலைவர். ஆற்காடு முதலியார் சகோதரர்கள் என்று இருவரையும் ஊரே அறியும். அண்ணன் அரசியலுக்கும் சட்டத்துக்கும் போனார். தம்பி மருத்துவத்துக்குப் போனார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, மகப்பேறு மருத்துவராகி, எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் பணிபுரிந்தார். பின்னர் தாம் படித்த கல்லூரிக்கே முதல்வரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். 1938இல் மகப்பேறு மருத்துவத்துக்கு அவர் எழுதிய பாடநூல் இன்றும் புதுப் பதிப்புகளாக வருகிறது. நம் குடியிருப்பில் எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'முதலியார் அண்டு மேனன்' என்றால் தெரியும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பதவிக்கு வந்தவர் ஓர் ஆசிரியர். வகுப்பறையையும் வார்டையும் உள்ளிருந்து பார்த்தவர். அவர் எடுத்த முடிவுகள் பலவற்றில் அது தெரியும்.

பணம் எங்கிருந்து வந்தது?

1942இல் அவர் துணைவேந்தரானபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசிடம் கல்விக்குப் பணம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. ஆனால் அதன் பெரிய வேலை இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் தருவது, தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது. தானே பாடம் சொல்லி ஆராய்ச்சி செய்யும் துறைகள் சிலவே. இந்த நிலைமையை மாற்றப் பணம் வேண்டும். அவர் கொடையாளர்களை நாடினார்.

காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் ஐந்து லட்சம் ரூபாய் தந்தார். 1944இல் கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. நாம் ஏ.சி. டெக் என்று சொல்வது அதைத்தான். ரசாயனப் பொறியியல், ஜவுளி, தோல் தொழில்நுட்பம் என்று இந்த நாட்டுத் தொழில்களுக்கு வேண்டிய படிப்புகள் அங்கே வளர்ந்தன. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதில் இணைந்த நான்கு நிறுவனங்களில் ஏ.சி. டெக்கும் ஒன்று. காகுப்பத்துக்கோ மேல்பாக்கத்துக்கோ உங்கள் பிள்ளை படிக்கப் போனால், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேர் முதலியார் காலத்து நன்கொடையில் இருக்கிறது.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. அங்கே பேசிய முதலியார், கல்லூரிகள் நகரங்களிலேயே குவிந்து கிடக்கின்றன, வசதி படைத்தவர்கள் சிற்றூர்களில் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் தொடங்குகிறேன் என்று அறிவித்தார். அடுத்த மாதமே கல்லூரி தொடங்கிவிட்டது. சுதந்திரம் வருவதற்குச் சில நாட்கள் முன்பு! இன்றைய அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு விதை அந்த மேடையில் விழுந்தது.

ஒரு பேராசிரியரைத் தேடிய கதை

கட்டடமும் பணமும் வந்தால் போதுமா? போதாது என்பது முதலியாருக்குத் தெரியும். நல்ல ஆசிரியர் வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க நினைத்தார். தலைமை ஏற்க நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமனையே அழைத்தார். ராமன் வரவில்லை, தம்மிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். பெங்களூரில் பணியாற்றிக்கொண்டிருந்த, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற இளைஞர். வயது முப்பது. முப்பது வயதுப் பையனுக்கா பேராசிரியர் பதவி, துறைத் தலைமை என்று கேட்டிருக்கலாம். முதலியார் 1952இல் அவரை அழைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை யாரும் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று ராமச்சந்திரனிடம் சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அந்தப் புரதம்தான். ஏ.சி. டெக் வளாகத்தை ஒட்டியே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை வைத்துக் கணக்கிட்டு, கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட கயிறு போன்றது என்று கண்டார்கள். 1954இல் அது 'நேச்சர்' இதழில் வந்தது. புரத இழை எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி முடியாது என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வந்தது. வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் அதில் உடன் உழைத்தவர்கள். உலகில் எங்கே உயிர்வேதியியல் படித்தாலும் இன்றும் அந்த வரைபடம் பாடத்தில் உண்டு.

இது நடந்தது வசதி குறைந்த ஒரு நாட்டில், மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் புதிய துறையில். சரியான ஆளைத் தேடிப் பிடித்து, வேண்டியதைக் கொடுத்து, குறுக்கே நிற்காமல் இருந்தது முதலியாரின் பங்கு. தாவரவியலில் டி.எஸ். சதாசிவன், தத்துவத்தில் டி.எம்.பி. மகாதேவன் ஆகியோரின் துறைகளும் அப்படித்தான் பெயர் பெற்றன. 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் உயராய்வு மையங்களைத் தேர்ந்தெடுத்தபோது சென்னையின் இந்தத் துறைகளும் இடம்பெற்றன.

நாடு முழுவதற்கும்

சுதந்திர இந்தியா உயர்கல்விக்கென முதலில் அமைத்தது 1948இன் ராதாகிருஷ்ணன் குழு. முதலியார் அதில் உறுப்பினர். யூ.ஜி.சி. என்று நாம் அறிந்த மானியக் குழு இன்றைய வடிவில் உருவாக அந்த அறிக்கை வழி செய்தது. மாற வேண்டியவற்றில் தேர்வு முறைக்கு அந்தக் குழு தனி அழுத்தம் கொடுத்தது.

1952இல் இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். இரண்டு வருட இண்டர்மீடியட்டை எடுத்துவிட்டு, பட்டப் படிப்பை மூன்று ஆண்டாக்க அது பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் பி.யூ.சி. வந்தது அந்த மாற்றத்தை ஒட்டித்தான். நம் குடியிருப்பின் எழுபது வயதுக்காரர்களுக்கு பி.யூ.சி. ஞாபகம் இருக்கும். அது 1978இல் பிளஸ் டூவுக்கு வழிவிட்டது. பி.ஏ., பி.எஸ்ஸி. மூன்று வருடம் என்பது மட்டும் நம் கல்லூரிகளில் இன்றும் தொடர்கிறது.

இதற்கிடையே உலக சுகாதார நிறுவனத்தின் செயற்குழுத் தலைவர், 1954 முதல் 1956 வரை யுனெஸ்கோ செயற்குழுத் தலைவர் என்று வெளிநாட்டுப் பொறுப்புகளும் வந்தன. 1963இல் பத்ம விபூஷண் பெற்றார்.

அவரால் தீர்க்க முடியாதது

பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் பாதிக் கதைதான் சொன்னதாகும். கிண்டியில் உலகத்தரத் துறைகள் வளர்ந்த அதே காலத்தில், தென்னார்க்காடு மாவட்டம் போன்ற இடங்களில் இருந்த இணைப்புக் கல்லூரிகளின் நிலை வேறு. பாடத்திட்டமும் கேள்வித்தாளும் சேப்பாக்கத்திலிருந்து வரும். கல்லூரி ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியானாலும் பாடத்தில் ஒரு வரியை மாற்ற முடியாது. ஆண்டு முடிவில் ஒரு தேர்வு, அதற்கு மனப்பாடம். முதலியார் காலத்துக்குப் பிறகு, 1978இல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுத்து இந்தக் கட்டைத் தளர்த்தத் தொடங்கியது. அதுவும் பெரும்பாலும் பெயர்பெற்ற நகரக் கல்லூரிகளுக்கு.

இன்னொன்று, ஒரே மனிதர் 27 ஆண்டுகள் தலைமையில் இருந்தால் அந்த நிறுவனம் அவரையே சார்ந்துவிடும். 1969இல் அவர் பதவி விலகினார். 1970இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டு பெங்களூர் போனார். அவர் வளர்த்த துறை தொடர்ந்து நடந்தது. ஆனால் அப்படி ஒருவரைத் தேடிக் கொண்டுவந்து தக்கவைக்கும் பழக்கம் பல்கலைக்கழகத்தின் விதியாக எழுதப்படவில்லை. அது துணைவேந்தரின் குணமாக மட்டும் இருந்தது.

1974 ஏப்ரல் 15 அன்று, 86 வயதில், முதலியார் காலமானார். தரமணியில் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

நம் ஊர்க் கலைக் கல்லூரிகள் சென்னையிலிருந்து திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போய், இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் மாறும்போதெல்லாம் ஊரில் பேச்சு எழும். முதலியாரின் வாழ்க்கையைப் பார்த்தால் அதைவிட முக்கியமான கேள்வி வேறு என்று தோன்றுகிறது: வகுப்பில் நின்று பாடம் சொல்பவர் யார்?

ஆகவே இந்த ஆண்டு அட்மிஷனுக்குப் போகும்போது, கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்த்த பிறகு இவற்றையும் கேளுங்கள். பிள்ளை சேரப்போகும் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? காலியிடம் எவ்வளவு? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப்? நூலகம் மாலை எத்தனை மணி வரை? கடைசியாக ஒரு நல்ல ஆசிரியர் வேலையை விட்டுப் போனது எப்போது, அந்த இடத்துக்கு யாராவது வந்தார்களா? ஆசிரியர் பட்டியல் கல்லூரி இணையதளத்தில் இல்லையென்றால் நேரில் கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை.

நம்மில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், பொறியாளர்கள், வங்கி அதிகாரிகள் பலர் இருக்கிறீர்கள். பக்கத்துக் கல்லூரியில் மாதம் ஒரு வகுப்பு எடுக்க உங்களில் யாராவது முன்வந்தால், சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கல்லூரி முதல்வர்களிடம் சேர்ந்து போய்ப் பேசுவோம். 1947இல் ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார், ஒருவர் எழுந்து நின்றார். காரைக்குடிக்குக் கல்லூரி வந்தது.