நாவலரவர்களும் உடனுழைத்தோரும்

1822ஆம் ஆண்டில் நல்லூரிலே பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிபுரிந்தார்கள். பாதிரிமாரைக் கண்டித்ததோடமையாது, சைவரிடத்துள்ள குறைகளையும் ஆராய்ந்து வெளிப்படையாய் எடுத்துரைத்தமையே அவர்களுக்குரிய சிறப்பு. நம்மவரிற் பலர்க்கு அது கசந்தது.

1847ஆம் ஆண்டிறுதியில் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே சுக்கிரவாரப் பிரசங்கம் தொடங்கிற்று. நாவன்மையிலே தமக்கு நிகரில்லாதவராயிருந்தும், நல்லூர்க் கார்த்திகேய ஐயரவர்களோடு அப்பணியைப் பகிர்ந்துகொண்டார்கள். தம் வீட்டிலே கற்பித்து ஆயத்தப்படுத்திய மாணாக்கரையே 1848இல் தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு ஆசிரியராக்கினார்கள். எல்லா வகுப்பையும் தாமே நடத்தவேண்டுமென்றெண்ணுந் தலைமையாசிரியர் இன்றும் நம்மிடையே உளர். நாவலரவர்களோ மறுவருடமே வித்தியாசாலையைப் பிறர் கையில் ஒப்புவித்து, மாணாக்கராகிய சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு, அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னை சென்றார்கள். நாவலரென்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்திலே பெற்றதும் அப்பிரயாணத்திலேயாம்.

பின்னர் நெடுங்காலஞ் சென்னையிலும் சிதம்பரத்திலும் வசித்தார்கள். சிதம்பர வித்தியாசாலை 1864இல் எழுந்தது. 1879இல் அவர்கள் சிவபதமடைந்தபின்னும், சென்னைத் தங்கசாலைத் தெருவிலுள்ள வித்தியாநுபாலன யந்திரசாலையிலே நூல்கள் அச்சாகிவந்தன. அதை நடத்தியவர் அந்தச் சதாசிவப்பிள்ளையே.