பாடம் 14: ரங்கூனுக்குத் தெரு வரைந்த பிரேசர்

கியாக்தானிலிருந்து பஸ்ஸில் ஏறி, தன்லின் பாலத்தைத் தாண்டினால் யாங்கூன் நகரம் வரும். நம்ம தாத்தா பாட்டிகள் அதை ரங்கூன் என்றுதான் சொல்வார்கள்.

வாங்க, அங்கே கொஞ்சம் நடக்கலாம். லான்மடோ சாலையில் தொடங்கிக் கிழக்குப் பக்கம் போவோம். லான்மடோ சாலை 100 அடி அகலம். அடுத்து 17-ஆம் தெரு, 18-ஆம் தெரு. இரண்டும் 30 அடி. அப்புறம் 50 அடியில் ஒரு நடுத்தரத் தெரு. மறுபடியும் 30 அடியில் 19-ஆம் தெரு, 20-ஆம் தெரு. கடைசியில் 100 அடி அகலமான லத்தா சாலை. இன்னும் கிழக்கே போனால் இதே வரிசை திரும்பத் திரும்ப வரும்!

இது தானாக வந்த ஒழுங்கு இல்லை. அலெக்சாண்டர் பிரேசர் என்ற ராணுவ இன்ஜினியர் காகிதத்தில் வரைந்தது. அவர் ஏன் புது ஊரையே வரைய வேண்டியிருந்தது? அதைத் தெரிந்துகொள்ள, அவர் வருவதற்கு முன்னால் இருந்த ரங்கூனைப் பார்க்கணும்.

எரிந்த ஊர்

அந்தக் காலத்து ரங்கூனில் பெரும்பாலான வீடுகள் மரத்தாலும் மூங்கிலாலும் கட்டியவை. கூரைக்கு ஓலை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை ரொம்பக் குறைவு. ஓலை நன்றாகக் காய்ந்துவிடும். மூங்கிலும் காய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும்? முதலில் ஒரு கூரை பிடிக்கும். சூடான காற்று மேலே எழும். அதோடு எரிகிற ஓலைத் துண்டுகளும் மேலே போகும். காற்று அவற்றை அடுத்த கூரையில் கொண்டுபோய்ப் போடும். மூங்கிலின் இரண்டு கணுக்களுக்கு நடுவே இருக்கும் காற்று சூடாகி, பட் பட் என்று வெடிக்கும். அதிலிருந்தும் நெருப்புத் துண்டுகள் தெறிக்கும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தால் தீ நிற்கவே நிற்காது. குடத்துத் தண்ணீரால் அதை அணைக்க முடியாது.

1841-ஆம் ஆண்டு ரங்கூனில் பெரிய தீ பிடித்தது. ஊரே அழிந்தது. மக்கள் மறுபடியும் வீடு கட்டினார்கள். ஆனால் 1852-இல் ஆங்கிலேயர்கள் போர் செய்து ரங்கூனைப் பிடித்தார்கள். ஊர் திரும்பவும் பாழானது.

புதிய ஊர்

ஆங்கிலேயர்கள் ஆற்றங்கரையில் ஒரு புது நகரம் கட்ட நினைத்தார்கள். மான்ட்கோமரி என்ற டாக்டர் முதலில் ஒரு திட்டம் கொடுத்தார். அவர் முன்பு சிங்கப்பூரில் வேலை செய்தவர். வங்காள இன்ஜினியர் படையைச் சேர்ந்த பிரேசர், அந்தத் திட்டத்தை மாற்றி முழுமையாக்கினார். அப்போது அவர் லெப்டினன்ட், அதாவது இளம் அதிகாரி.

சூலே பகோடாவை நடுவில் வைத்து, நேர் நேரான தெருக்களை அவர் வரைந்தார். அகலமான தெருவில் வண்டி போகும், காற்று வரும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு பக்கம் தீ பிடித்தால், 100 அடி தாண்டி அடுத்த பக்கம் போவது அதற்குக் கஷ்டம். அந்தக் காலியான இடம் ஒரு சுவர் மாதிரி.

ஆனால் இந்தக் கதையில் ஒரு வருத்தமும் இருக்கு. அங்கே முன்பு வாழ்ந்தவர்களின் நிலத்தை ஆங்கிலேய அரசு தன்னுடையது என்று சொல்லிவிட்டது. அதைத் துண்டு துண்டாக விற்றது. பணம் இருந்தவர்கள் வாங்கினார்கள். இல்லாத ஏழைகள் வேறு இடம் தேடிப் போனார்கள். வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். ஆனால் அந்தக் கோட்டின் கீழே யாரோ ஒருவருடைய வீடு இருந்திருக்கும், இல்லையா?

கடலில் ஒரு விளக்கு

பிரேசர் பிறகு கலங்கரை விளக்கங்களும் கட்டினார். பர்மாக் கரைக்கு அருகே, கடலுக்குள் அல்குவாடா என்ற பாறைத் திட்டு இருக்கு. கப்பல்களுக்கு அது ரொம்ப ஆபத்தான இடம். ஸ்காட்லாந்து நாட்டில் கடல் நடுவே நிற்கும் ஸ்கெரிவோர் விளக்கத்தை மாதிரியாக வைத்து, பிரேசர் அங்கே கருங்கல்லால் உயரமான கோபுரம் எழுப்பினார். 1865-இல் அதில் விளக்கு எரிந்தது. ஊரில் நெருப்பு பயம் தந்தது. கடலில் அதே நெருப்பு வழி காட்டியது!

பெயர் மாறிய தெரு

ரங்கூனில் ஒரு பெரிய சாலைக்கு பிரேசர் தெரு என்று பெயர் இருந்தது. இப்போது அது அனோரதா சாலை. அனோரதா பழங்கால பர்மிய அரசர். அந்தச் சாலையில்தான், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் 1871-இல் கட்டிய காளியம்மன் கோயில் இருக்கு. வண்ண வண்ணக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

பிரேசரின் பெயர் போய்விட்டது. ஆனால் அவர் வரைந்த தெருக்கள் இன்னும் இருக்கு. அடுத்த தடவை அங்கே போனால், தெருக்களை எண்ணிப் பாருங்க.

புதிய சொற்கள்
பொறி – சின்ன நெருப்புத் துளி
கணு – மூங்கிலில் உள்ள முடிச்சு
பாழானது – கெட்டுப் போனது, அழிந்தது
கலங்கரை விளக்கம் – கப்பலுக்கு வழி காட்டும் விளக்குக் கோபுரம்

பதில் சொல்லுங்க
1. பழைய ரங்கூனில் தீ ஏன் சீக்கிரம் பரவும்?
2. அகலமான தெரு தீயை எப்படித் தடுக்கும்?
3. புது நகரத்தால் யாருக்கு நன்மை? யாருக்கு வருத்தம்?
4. நீங்க இருக்கிற தெருவின் படம் வரைந்து, அதில் காலியான இடத்துக்கு வண்ணம் தீட்டுங்க.