எல்லாக் கதவையும் தட்டிய பூசாரி
ராமகிருஷ்ண பரமஹம்சர் வாழ்க்கை வரலாறு

1866-ம் ஆண்டு.

கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையில் தட்சிணேசுவரம் என்ற ஊர். அங்கே பெரிய காளி கோவில் இருக்கிறது. அந்தக் கோவிலில் பூசாரியாக இருந்த பிராமணர் ஒருவர், திடீரென்று கோவிலுக்குள் போவதை நிறுத்திவிட்டார்.

முஸ்லிம்களைப் போல உடுத்திக்கொண்டார். அல்லாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். முறைப்படி தொழுதார். காளியைக் கும்பிடுவது இருக்கட்டும், காளியைப் பார்க்கக்கூட அப்போது அவருக்கு மனம் இல்லை.

அவர் மதம் மாறிவிட்டாரா? இல்லை. யாராவது அவரைக் கட்டாயப்படுத்தினார்களா? அதுவும் இல்லை.

அவர் மனதில் ஒரு கேள்வி இருந்தது. நான் அழைத்தபோது கடவுள் பதில் தந்தார். மற்ற மதத்தார் வேறு பெயர் சொல்லி அழைக்கிறார்களே, அவர்களுக்கும் பதில் தருகிறாரா? இதுதான் கேள்வி.

விடை தேடி அவர் புத்தகம் படிக்கவில்லை. பண்டிதர்களோடு வாதாடவில்லை. தாமே அழைத்துப் பார்த்தார்!

அவர்தான் ராமகிருஷ்ண பரமஹம்சர்.

பொய் சாட்சி சொல்லாத தந்தை

ராமகிருஷ்ணரின் தந்தை பெயர் குதிராம். தாயார் சந்திரமணி. குதிராமுக்கு நிலபுலம் இருந்தது. ஒரு நாள் ஊர் ஜமீன்தார் அவரை அழைத்து, ஒரு வழக்கில் பொய் சாட்சி சொல்லும்படி கேட்டார். குதிராம் மறுத்துவிட்டார். கோபம் கொண்ட ஜமீன்தார் அவர் மீதே வழக்குப் போட்டு, சொத்து முழுவதையும் பறித்துக்கொண்டார்.

குதிராம் கலங்கவில்லை. குடும்பத்தோடு காமார்புகூர் என்ற கிராமத்துக்குப் போனார். நண்பர் ஒருவர் கொடுத்த சிறு நிலத்தில் பிழைத்தார். அந்த ஊரில்தான் 1836-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி ராமகிருஷ்ணர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கதாதரன்.

கதாதரனுக்குக் கணக்குப் பாடம் பிடிக்காது. பாட்டு, கூத்து, சாமி கதை என்றால் உயிர். ஆறேழு வயதில் ஒரு நாள் வயல் வரப்பில் நடந்து போய்க்கொண்டிருந்தான். வானத்தில் கருமேகம். அதன் குறுக்கே வெள்ளைக் கொக்குகள் கூட்டமாகப் பறந்தன. அந்த அழகைப் பார்த்து மெய்மறந்து அங்கேயே விழுந்துவிட்டான்.

1843-ல் தந்தை இறந்தார். பிறகு பூணூல் கலியாணம் வந்தது. முதல் பிச்சையைப் பிராமணப் பெண்ணிடம்தான் வாங்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால், தன்னைத் தூக்கி வளர்த்த கொல்லர் குலத்துப் பெண் ஒருத்திக்குக் கதாதரன் முன்பே வாக்குக் கொடுத்திருந்தான். உறவினர்கள் எவ்வளவோ தடுத்தார்கள். பையன் அசையவில்லை. அவளிடமே பிச்சை வாங்கினான்.

ராணி கட்டிய கோவில்

கல்கத்தாவில் ராணி ராசமணி என்ற பணக்கார அம்மையார் இருந்தார். கணவரை இழந்தவர். பெரும் சொத்தைத் தாமே நிர்வகித்தவர். அவர் பல லட்ச ரூபாய் செலவில் தட்சிணேசுவரத்தில் காளி கோவில் கட்டினார். கூடவே ராதாகிருஷ்ணர் கோவிலும், 12 சிவன் கோவில்களும் எழுந்தன.

கோவில் எழும்பியது. பூசாரிதான் கிடைக்கவில்லை! ராணி தாழ்ந்த சாதி என்று சொல்லி, பிராமணர்கள் வர மறுத்தார்கள். கடைசியில் கதாதரனின் அண்ணன் ராம்குமார் முன்வந்தார். 1855-ம் ஆண்டு மே 31-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. மறு ஆண்டே ராம்குமார் காலமானார். காளிக்குப் பூசை செய்யும் பொறுப்பு 20 வயதுத் தம்பியின் கைக்கு வந்தது. அந்தத் தம்பிதான் பின்னாளில் ராமகிருஷ்ணர் என்று பெயர் பெற்றார்.

கல்லா, தாயா?

மற்ற பூசாரிகள் மணி அடித்தார்கள், பூப்போட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். ராமகிருஷ்ணரால் அப்படிப் போக முடியவில்லை.

நான் பூசை செய்வது வெறும் கல்லுக்கா, உயிருள்ள தாய்க்கா? தாய் என்றால் ஏன் பேசவில்லை? இந்தக் கேள்வி அவரைத் தின்றது. இரவில், மற்றவர்கள் போக அஞ்சும் காட்டுக்குள் போய்த் தியானம் செய்தார். மாலையில் கோவில் மணி ஒலித்தால், இன்னொரு நாளும் வீணாகப் போயிற்றே என்று மண்ணில் புரண்டு அழுதார். வயிற்று வலியால் துடிக்கிறாரோ என்று வழிப்போக்கர்கள் நினைத்தார்கள்.

ஒரு நாள் அவரால் தாங்க முடியவில்லை. கோவிலில் மாட்டியிருந்த காளியின் வாளை எடுத்து உயிரை விடப்போனார். அந்தக் கணத்தில் கோவில், கதவு, சுவர் எல்லாம் மறைந்தன. எல்லையில்லாத ஒளிக்கடல் அலை அலையாக வந்து அவரை மூழ்கடித்தது. நினைவு இழந்து விழுந்தார். இதைப் பிற்காலத்தில் அவரே சீடர்களிடம் சொன்னார். அவர்கள் எழுதி வைத்தார்கள்.

ராணிக்கு விழுந்த அடி

அதன் பிறகு ஒரு நாள் ராணி ராசமணி கோவிலுக்கு வந்தார். சந்நிதியில் உட்கார்ந்தார். ராமகிருஷ்ணர் காளி மீது பாட்டுப் பாடினார். பாதியில் பாட்டை நிறுத்திவிட்டு, ராணியை ஓங்கி அடித்தார்!

காவலாட்கள் பாய்ந்து வந்தார்கள். ராணி கை காட்டித் தடுத்தார். சாமி முன்னால் உட்கார்ந்திருந்தாலும், அவர் மனம் கோர்ட்டில் நடந்த தம் வழக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் அந்த அடி என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பூசாரியை யாரும் தண்டிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். உடம்பு கோவிலிலும் மனம் கோர்ட்டிலும் இருந்தால் அது பிரார்த்தனை ஆகுமா?

பூசாரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. கலியாணம் செய்தால் தெளியும் என்று தாயார் நினைத்தார். 1859-ல் சாரதாமணியை மணம் முடித்தார்கள். மணமகனுக்கு வயது 23. மணமகளுக்கு வயது 5! அக்காலத்து வழக்கம் அப்படி. பெண் தாய் வீட்டிலேயே வளர்ந்தாள். ராமகிருஷ்ணர் மறு ஆண்டு கோவிலுக்குத் திரும்பினார். தேடல் நிற்கவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக

1861-ல் பைரவி என்ற சந்நியாசினி வந்தார். தாந்திரிக வழியைக் கற்றுக் கொடுத்தார். பிறகு ராம பக்தர் ஒருவர் வந்தார். அவரிடம் குழந்தை ராமனைக் கொஞ்சி வழிபடும் முறையைக் கற்றார். அதன் பின் தோதாபுரி என்ற துறவி வந்தார். கடவுளுக்கு உருவமே இல்லை என்பது அவர் போதனை.

இதுதான் ராமகிருஷ்ணருக்குக் கடினமாக இருந்தது. கண்ணை மூடினால் காளியின் உருவம் வந்து நின்றது. அன்புத் தாயை எப்படி விலக்குவது? தோதாபுரி விடவில்லை. ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து, அவர் புருவ மத்தியில் குத்தி, மனதை அங்கே நிறுத்தச் சொன்னார். ஞானம் என்ற வாளால் காளியின் உருவத்தையும் மனதுக்குள் வெட்டினார் ராமகிருஷ்ணர். மூன்று நாள் உடல் அசைவின்றி, சமாதி நிலையில் இருந்தார்.

மூன்று நாள் தொழுகை

அதற்குப் பிறகுதான் 1866-ம் ஆண்டு சம்பவம். கோவிந்தராய் என்பவர் தட்சிணேசுவரத்துக்கு வந்து தங்கியிருந்தார். பிறப்பால் இந்து, இஸ்லாத்தைத் தழுவி, சூபி வழியில் நின்றவர். அவருடைய பக்தி ராமகிருஷ்ணரைக் கவர்ந்தது. அவரிடமே உபதேசம் பெற்றார்.

உணவும் முஸ்லிம் முறைப்படி வேண்டும் என்றார். ராணியின் மருமகன் மதுர்பாபு சங்கடப்பட்டார். கடைசியில், முஸ்லிம் சமையல்காரர் பக்குவம் சொல்ல, பிராமணச் சமையல்காரர் ஆக்கிப் போட்டார்.

மூன்று நாள் இப்படி இருந்தார். நீண்ட தாடியுடன் ஒளி வீசும் பெரியவர் ஒருவரின் தரிசனம் கிடைத்தது. பிறகு உருவமற்ற பரம்பொருளில் மனம் கரைந்தது என்று சீடர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஏசுநாதர் படம்

1874-ல் சம்புசரண் மல்லிக் என்ற அன்பர், ராமகிருஷ்ணருக்குப் பைபிள் படித்துக் காட்டினார். கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட வீடு. அங்கே மேரி மாதா குழந்தை ஏசுவை ஏந்தியிருக்கும் படம் மாட்டியிருந்தது. ஒரு நாள் ராமகிருஷ்ணர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்து ஒளி கிளம்பித் தம் நெஞ்சுக்குள் புகுவதுபோல உணர்ந்தார்.

மூன்று நாள் காளி கோவிலை அவர் நினைக்கவே இல்லை. நான்காம் நாள், தோட்டத்து மரங்களுக்கு இடையே ஏசுநாதர் நடந்து வந்து தம்மைத் தழுவிக்கொண்டதாகக் கண்டார். அதற்குப் பிறகு அவர் அறையில், தண்ணீரில் மூழ்கப்போன சீடரை ஏசு கைகொடுத்துத் தூக்கும் படம் இருந்தது. காலையும் மாலையும் அதற்குத் தூபம் காட்டினார்.

இந்தக் காட்சிகளை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. பிற மதத்தைப் பற்றிப் பேசுவதோடு அவர் நிற்கவில்லை. அதற்குள் நுழைந்து கும்பிட்டார்.

குளமும் கிணறும்

அவர் கண்ட விடையை ஒரு குளத்தை வைத்து விளக்குவார். குளம் ஒன்று, படித்துறை பல. ஒரு துறையில் இந்து நீர் எடுக்கிறான். இன்னொன்றில் முஸ்லிம் எடுக்கிறான். மற்றொன்றில் கிறிஸ்தவன் எடுக்கிறான். ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். தண்ணீர் ஒன்றுதான்.

அப்படியானால் எல்லோரும் மதம் மதமாக மாறிப் பார்க்கவேண்டுமா? வேண்டாம் என்றார். அதற்கு ஒரு கிணற்றுக் கதை சொல்வார். ஒருவன் ஓர் இடத்தில் கொஞ்சம் தோண்டினான். தண்ணீர் இல்லை. வேறு இடத்தில் தோண்டினான். அங்கும் இல்லை. இப்படியே இடம் மாற்றி மாற்றிக் களைத்துப் போனான். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும்!

ராமகிருஷ்ணரும் பல இடத்தில் தோண்டியவர்தான். ஆனால் ஒவ்வொரு கிணற்றையும் தண்ணீர் காணும்வரை தோண்டினார். அதுதான் வித்தியாசம்.

கேட்கப் போனதும் கேட்டதும்

1881-ல் நரேந்திரன் என்ற கல்லூரி மாணவர் அவரைச் சந்தித்தார். கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று எல்லாப் பெரியவர்களையும் கேட்டு வந்தவர் அவர். ஆமாம், உன்னைப் பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்க்கிறேன் என்று ராமகிருஷ்ணர் ஒருவர்தான் சொன்னார். இந்த நரேந்திரன்தான் பிற்காலத்தில் விவேகானந்தர்.

1884-ல் நரேந்திரனின் தந்தை இறந்தார். வீட்டில் கடன், சாப்பாட்டுக்கும் வழி இல்லை. எனக்காகக் காளியிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று குருவைக் கேட்டார். நீயே போய்க் கேள் என்று குரு அனுப்பினார்.

நரேந்திரன் சந்நிதிக்குள் போனார். பணம் கேட்க மறந்துபோய், ஞானமும் பக்தியும் கேட்டுத் திரும்பினார். குரு மறுபடி அனுப்பினார். மறுபடியும் அதே கதை! மூன்றாம் முறை பணம் ஞாபகம் வந்தது. கேட்க வெட்கமாக இருந்தது. கடைசியில் குருவே மனம் இரங்கி, உன் வீட்டாருக்குச் சாதாரணச் சோற்றுக்கும் துணிக்கும் குறை வராது என்று ஆசி கூறினார்.

தமக்காகக் கேட்காதவர்

1885-ல் ராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் வைத்தியம் பார்த்தார். நோய் தணியவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. காளியிடம் கேளுங்கள் என்று சீடர்கள் கெஞ்சினார்கள். கடவுளுக்குக் கொடுத்துவிட்ட மனதை இந்த உடம்புக்காகத் திருப்ப அவர் விரும்பவில்லை. நரேந்திரன் விடாமல் வற்புறுத்தியதால் ஒரே ஒரு முறை கேட்டார்.

பதில் வந்தது. இந்த ஒரு வாயால் சாப்பிடாவிட்டால் என்ன, இத்தனை பேர் வாயால் நீதானே சாப்பிடுகிறாய் என்று காளி சீடர்களைக் காட்டினாளாம். மேலே கேட்க ராமகிருஷ்ணருக்கு வெட்கமாகப் போய்விட்டது. 1886-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 50.

1893-ல் விவேகானந்தர் அமெரிக்கா போனார். அந்தப் பயணத்துக்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். 1897-ல் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கியது.

அன்னை இட்ட சோறு

சாரதாமணி 1872-ல் தட்சிணேசுவரத்துக்கு வந்து கணவருக்குத் தொண்டு செய்தார். ராமகிருஷ்ணர் அவரைத் தேவியாகவே பாவித்துப் பூசை செய்தார். கணவர் மறைந்த பின்பு, 1920 வரை அன்னை சாரதாதேவி வாழ்ந்தார்.

அவர் ஊருக்குப் பக்கத்தில் அம்ஜத் என்ற முஸ்லிம் இருந்தார். வறுமையால் திருடிச் சிறைக்கும் போய் வந்தவர். ஒரு நாள் அன்னை வீட்டில் வேலை செய்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, அன்னையின் உறவுப் பெண் ஒருத்தி, தீட்டுக்குப் பயந்து, தூரத்தில் நின்று சோற்றை இலையில் எறிந்தாள்.

அன்னை அவளை விலக்கினார். தாமே அருகில் நின்று பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும், தம் கையாலேயே எச்சில் எடுத்து, இடத்தையும் கழுவினார். சாதி போய்விடுமே என்று அந்தப் பெண் கத்தினாள். என் சீடர் எப்படி எனக்குப் பிள்ளையோ, அதே போல அம்ஜத்தும் எனக்குப் பிள்ளை என்று அன்னை சொல்லிவிட்டார்.

1866-ல் கணவர் கேட்ட கேள்விக்கு, மனைவி சோறு போட்டு விடை சொன்னார்.